கரணம் தப்பினால்: பெண்கள் ஜிம்னாஸ்டிக்கின் ஏறத்தாழ நூறாண்டு வரலாறு

"கரணம் தப்பினால் மரணம்" என்பது எமது பாட்டிமாரின் வாயில் அடிக்கடி வந்த பழமொழி. கிணற்றுக் கட்டில் ஏறி நின்ற பேத்திக்கும் அதைச் சொன்னார்கள். கடன் வாங்கி வியாபாரம் தொடங்கிய மருமகனுக்கும் அதையே சொன்னார்கள். ஆனால் அது பிறந்த இடம் கழைக்கூத்தாடியின் மூங்கிலடி. கரணம் என்றால் உடலைச் சுழற்றிப் பாய்தல். குட்டிக்கரணம், குத்துக்கரணம், அந்தரத்தில் அடிக்கும் பல்டி என்று அதற்கு எம்மிடம் பல பெயர்கள் உண்டு. கயிற்றின்மேல் ஆடும் கூத்தரைக் குறுந்தொகைப் புலவர்களே அறிந்திருந்தார்கள். நாட்டிய சாஸ்திரம் 108 கரணங்களைக் கூறுகிறது. அங்கே அச்சொல் கையும் காலும் உடலும் இசைந்து இயங்கும் ஓர் ஆடல் அலகைக் குறிக்கும். தஞ்சைப் பெருங்கோயிலில் அவற்றுள் 81 செதுக்கப்பட்டுள்ளன. சிதம்பரத்துக் கோபுர வாயில்களில் அவற்றை ஆடிக்காட்டுபவர்கள் பெண்கள்.

ஆகவே பெண் ஒருத்தி உடலை வளைப்பதும் சுழற்றுவதும் எம் பண்பாட்டுக்குப் புதியதன்று. எனினும் கூத்தாடிப் பெண்ணுக்கு இருந்த அந்த உரிமை "நல்ல குடும்பத்துப் பிள்ளை"க்கு இருக்கவில்லை. இந்த நிலை எம் நாட்டுக்கு மட்டும் உரியதுமன்று. உலகெங்கும் பெண்பிள்ளைகள் கரணம் போடும் உரிமையை எப்படிப் பெற்றார்கள், பெற்றபின் அது எப்படி அவர்கள்மீது சுமத்தப்பட்ட கடமையாயிற்று, அந்தக் கடமைக்கு "மாட்டேன்" என்று சொல்லும் உரிமையை எவ்வளவு காலம் கழித்துப் பெற்றார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள். பெண்கள் ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக் மேடையில் முதன்முதலில் ஏறிய ஆண்டு 1928. எமது சங்கத்தின் நூற்றாண்டு மலரில் அதை நினைவுகூர்வது பொருத்தமே.

நிமிர்ந்து நிற்கும் பயிற்சி

கரணத்தைப் பற்றி ஐரோப்பாவில் அச்சான முதல் பெருநூல் 1599இல் பாரிசில் வெளிவந்தது. ஆர்க்கஞ்சலோ துக்காரோ என்ற இத்தாலியர், பிரெஞ்சு அரசவையில் பாய்ச்சல் வித்தை காட்டியவர், அதனை எழுதினார். அதன்பின் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கரணம் சந்தையிலும் சர்க்கசிலுமே வாழ்ந்தது. அங்கே பெண்கள் பின்தங்கியிருக்கவில்லை. பறக்கும் ஊஞ்சலிலிருந்து விடுபட்டு மூன்று முறை சுழன்று மீண்டும் பிடிக்கப்பட்ட முதல் ஆள் லீனா ஜோர்டன் என்ற பெண்ணே என்று சாதனைப் பதிவுகள் கூறுகின்றன. அது 1897இல், சிட்னியில்.

பாடசாலைக்குள் நுழைந்த ஜிம்னாஸ்டிக் வேறு வகையானது. ஜேர்மனியில் பிரெடரிக் யான் 1811இல் பேர்லினுக்கு வெளியே திறந்தவெளிப் பயிற்சிக்களம் ஒன்றை அமைத்தார். இணைச் சட்டங்கள் போன்ற கருவிகள் அவர் வழியில் வந்தவை. நோக்கம், நெப்போலியனை எதிர்க்கக்கூடிய இளைஞரை உருவாக்குவது. சுவீடனில் பெர் ஹென்றிக் லிங் 1813இல் ஸ்டொக்ஹோமில் ஒரு நிறுவகத்தைத் தொடங்கினார். அவருடைய முறையில் கருவிகளைவிட ஒழுங்கான அசைவுகளுக்கே முதலிடம். கட்டளைக்கேற்பக் கையை உயர்த்துதல், முதுகை நிமிர்த்துதல், மூச்சை ஒழுங்குபடுத்துதல் என்பன அதன் அடிப்படை. எம் பாடசாலைகளில் "ட்றில்" என்று நாம் அறிந்த பயிற்சியில் இந்த மரபின் சாயலைக் காணலாம்.

அந்த முறையைப் பெண்களிடம் கொண்டுசென்றவர்களுள் முதன்மையானவர் மார்ட்டினா பேர்க்மன் ஒஸ்டர்பேர்க் அம்மையார். சுவீடனில் பயின்று, 1881இல் இலண்டன் பாடசாலைச் சபையில் பெண்பிள்ளைகளின் உடற்பயிற்சிக்குப் பொறுப்பாளராக நியமிக்கப்பட்டார். 1885இல் பெண்களுக்கான உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். பத்தாண்டுகளின் பின் அது டார்ட்போர்ட் நகருக்கு இடம்பெயர்ந்தது. இடுப்பை இறுக்கும் உள்ளாடையோடு உடற்பயிற்சி செய்ய முடியாது என்பதால், அக்கல்லூரியில் தளர்வான மடிப்புச் சட்டை ஒன்று உருவாயிற்று. பிரித்தானிய ஆட்சி எட்டிய நாடுகளின் பெண்கள் பாடசாலைகளுக்குச் சீருடையாகப் பரவியது அதுவே. எம்மவர் பெரிதும் விரும்பும் வலைப்பந்தாட்டமும் அக்கல்லூரி மாணவிகளின் கையில்தான் உருப்பெற்றது. பெண் விடுதலையில் உறுதியான நம்பிக்கை கொண்டிருந்த அம்மையார், உடல் வலுவில்லாமல் பெண்ணுக்குச் சுதந்திரம் இல்லை என்று கருதினார்.

ஆயினும் அந்தப் பயிற்சியில் கரணம் இல்லை. பெண்பிள்ளை நிமிர்ந்து நிற்கலாம், நீட்டலாம், மடக்கலாம், தலைகீழாகக் கூடாது. அதற்கு இன்னும் பல ஆண்டுகள் இருந்தன.

அம்ஸ்டர்டாம், 1928

நவீன ஒலிம்பிக்கின் தந்தையெனப்படும் பியர் டி கூபேர்ட்டின் பெண்கள் போட்டியிடுவதை விரும்பவில்லை. அவர் ஓய்வுபெற்ற பின் நடந்த 1928 அம்ஸ்டர்டாம் விளையாட்டில்தான் பெண்கள் ஜிம்னாஸ்டிக் இடம்பெற்றது. அதுவும் அணிப் போட்டி மட்டுமே. தனிப் பதக்கம் கிடையாது. ஐந்து நாடுகள் வந்தன. ஒல்லாந்து முதலிடம், இத்தாலி இரண்டாமிடம், பிரித்தானியா மூன்றாமிடம். இத்தாலிய அணியின் லுயிஜினா ஜியவொத்திக்கு வயது 11. ஒலிம்பிக் பதக்கம் பெற்ற மிக இளைய பெண் என்ற பதிவு இன்றும் அவருடையதே.

வெற்றி பெற்ற ஒல்லாந்து அணியில் ஐவர் யூதப் பெண்கள்: எஸ்டெல்லா அக்ஸ்டெரிப், ஹெலெனா நோர்தெய்ம், அன்னா பொலாக், யூடிக்கே சிமொன்ஸ், எல்கா டி லெவி. பயிற்றுநர் ஹெரித் கிளீரகூப்பரும் யூதரே. பதினைந்து ஆண்டுகள் கழிந்து, 1943இல், நாசிகள் அவர்களைக் கொலை முகாம்களுக்குக் கொண்டு சென்றார்கள். அக்ஸ்டெரிப் ஒஸ்விட்சிலும், நோர்தெய்ம், பொலாக், சிமொன்ஸ் ஆகியோரும் பயிற்றுநரும் சோபிபோரிலும் கொல்லப்பட்டார்கள். அப்பெண்களோடு அவர்களுடைய சின்னப் பிள்ளைகளும் மாண்டார்கள். ஐவருள் உயிர் தப்பியவர் எல்கா டி லெவி ஒருவரே. பெண்கள் ஜிம்னாஸ்டிக்கின் முதல் தங்கப் பதக்கத்தைப் பற்றிப் பேசுவோர் இந்தப் பெயர்களையும் சேர்த்தே சொல்லவேண்டும். போர் ஓர் ஊரின் விளையாட்டு மைதானத்தையும் அதில் ஓடியவர்களையும் என்ன செய்யும் என்பதை எமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

தாய்மார் ஆடிய காலம்

தனிநபர் பதக்கங்கள் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் தொடங்கின. அக்கால வீராங்கனைகளின் வயதைப் பார்த்தால் இன்றைய வாசகிகள் வியப்பார்கள். ஹங்கேரியின் அக்னெஸ் கெலெட்டி தம் முதற் தங்கத்தை 31 வயதிலும், மெல்பேர்ணில் மேலும் நான்கை 35 வயதிலும் பெற்றார். அவரும் யூதரே. போர்க்காலத்தில் பொய்ப் பத்திரங்களுடன் வீட்டு வேலைக்காரியாக ஒளிந்திருந்து உயிர் பிழைத்தவர். தந்தையை ஒஸ்விட்சில் இழந்தவர். 2025 ஜனவரியில், 104ஆவது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்னர், காலமானார்.

சோவியத் யூனியனின் லரிசா லத்தினினா 1958 உலகப் போட்டியில் கர்ப்பிணியாக இருந்துகொண்டே ஐந்து தங்கம் வென்றார். மூன்று ஒலிம்பிக்குகளில் அவர் பெற்ற 18 பதக்கங்கள் என்ற எண்ணை 2012 வரை எந்த விளையாட்டிலும் எவரும் தாண்டவில்லை.

செக்கோசிலவாக்கியாவின் வேரா சஸ்லாவ்ஸ்காவின் கதை வேறு. 1968இல் சோவியத் படைகள் அவருடைய நாட்டினுள் புகுந்தபோது, சீர்திருத்தத்தை ஆதரித்துக் கையொப்பமிட்டிருந்த அவர் மலைப்பகுதியில் ஒளிந்துகொண்டார். மரக்கிளையில் தொங்கியும் உருளைக்கிழங்கு மூட்டைகளைத் தூக்கியும் பயிற்சி செய்தார். சில வாரங்களின் பின் மெக்சிக்கோவில் நான்கு தங்கம் வென்றார். பதக்க மேடையில் சோவியத் கீதம் ஒலித்தபோது தலையை அமைதியாகத் திருப்பிக்கொண்டார். அதற்காக நாடு திரும்பியபின் பல ஆண்டுகள் வேலையின்றி ஒதுக்கப்பட்டார். இந்த விளையாட்டின் வரலாற்றில் ஒரு பெண் உலகறிய "இணங்கமாட்டேன்" என்று காட்டிய முதற் சந்தர்ப்பங்களுள் அது ஒன்று. ஆனால் அந்த மறுப்பு அரசியலைப் பற்றியது, விளையாட்டைப் பற்றியதன்று.

இவர்கள் காலத்துப் பயிற்சிகள் நடனத்துக்கு நெருங்கியவை. கரணம் இருந்தது, ஆயினும் அதுவே எல்லாம் என்றிருக்கவில்லை.

சிறுமிகளின் காலம்

1972 மியூனிச்சில் எல்லாம் மாறிற்று. 17 வயது ஒல்கா கோர்பட் 10 சென்ரிமீற்றர் அகலமேயுள்ள சமநிலை விட்டத்தில் பின்புறமாகக் கரணம் அடித்து, அதே விட்டத்தில் கால் ஊன்றினார். ஒரு பள்ளிக் கொப்பியின் அகலத்தைவிடக் குறுகிய அந்த விட்டம் நிலத்திலிருந்து ஏறத்தாழ ஒரு பெண்பிள்ளையின் நெஞ்சளவு உயரம். இரட்டைச் சட்டங்களில் உயர்ந்த சட்டத்தின்மேல் நின்று, பின்னோக்கிப் பாய்ந்து, மீண்டும் அதே சட்டத்தைப் பிடித்தார். அவருடைய பெயரே இன்று அந்தப் பாய்ச்சலுக்குப் பெயர். ஆபத்து மிகுதி என்பதால், உயர் சட்டத்தின்மேல் எழுந்து நிற்பது பின்னர் விதிகளால் தடுக்கப்பட்டது.

நான்கு ஆண்டுகளின் பின் மொன்றியலில் 14 வயது நாடியா கொமனெச்சி பத்துக்குப் பத்துப் புள்ளி பெற்றார். புள்ளிப் பலகையில் 10.00 என்று காட்ட இடமில்லாததால் அது 1.00 என்று காட்டிற்று. அந்த ஒலிம்பிக்கில் மட்டும் ஏழு தடவை அவர் முழுப்புள்ளி பெற்றார். எமது நாட்டுக்குத் தொலைக்காட்சி 1979இல்தான் வந்தது. ஆதலால் எம்மில் மூத்தவர்களுக்கு ஒல்காவும் நாடியாவும் பத்திரிகைப் படங்களாகவே அறிமுகமானார்கள். அந்தப் படங்களை வெட்டி ஒட்டிவைத்த கொப்பிகள் சிலரிடம் இன்றும் இருக்கக்கூடும்.

அந்தப் படங்கள் உலகெங்கும் லட்சக்கணக்கான சிறுமிகளை ஜிம்னாஸ்டிக்குக்கு அழைத்துவந்தன. அது நன்மை. கூடவே ஒரு தீமையும் வந்தது. சிறிய உடல் விரைவாகச் சுழலும், சிறுமி அச்சம் அறியாள், சொன்னதைக் கேட்பாள். இந்த மூன்றையும் கண்டுகொண்ட பயிற்றுநர்கள் வளர்ந்த பெண்களை விட்டுச் சிறுமிகளைத் தேடத் தொடங்கினார்கள். சர்வதேசப் போட்டிக்கான குறைந்த வயது அப்போது 14. அதனை 1981இல் 15 ஆகவும், 1997இல் 16 ஆகவும் உயர்த்தினார்கள்.

கரணத்தின் கணக்கு

கரணம் ஏன் தப்புகிறது என்பதை விளங்கிக்கொள்ளச் சிறிது பௌதிகம் வேண்டும். கால் தரையை விட்டு எழும் கணத்திலேயே உடலுக்குக் கிடைத்த சுழற்சியின் அளவு முடிவாகிவிடும். காற்றில் அதைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. ஆனால் உடலைச் சுருட்டினால் சுழற்சி விரைவாகும்; விரித்தால் மெதுவாகும். சுழலும் நாட்டியக்காரி விரித்த கைகளை மார்போடு அணைத்ததும் வேகம் கூடுவதைப் பார்த்திருப்போம், அதே விதிதான். எனவே கரணம் போடுபவள் தீர்மானிக்கவேண்டியது ஒன்றே: எந்தக் கணத்தில் விரிவது. ஏறத்தாழ ஒரு வினாடி நேரத்தில் அந்தத் தீர்மானத்தைக் கண்ணும் உட்செவியும் தசைகளும் சேர்ந்து எடுக்கின்றன. சிந்திப்பதற்கு நேரமில்லை. ஆயிரம் முறை செய்த பழக்கமே அந்நேரத்தில் மூளைக்குப் பதிலாக வேலை செய்கிறது.

சுழலும்போதே உடலை முறுக்கவும் வேண்டுமானால் கணக்கு இன்னும் சிக்கலாகும். எது மேல், எது கீழ் என்ற உணர்வு ஒருகணம் தவறினால் போதும். களைப்பு, காயம், தூக்கமின்மை, மனக்கலக்கம் ஆகிய ஏதேனும் ஒன்று அந்த உணர்வைக் கெடுக்கலாம். ஆகவே, இன்று இதைச் செய்ய முடியுமா முடியாதா என்பதை அந்த உடலுக்குள் இருப்பவளைவிட வேறு யாரும் சரியாக அறியமாட்டார். இந்த எளிய உண்மையை ஏற்றுக்கொள்ள விளையாட்டுலகத்துக்கு நெடுங்காலம் பிடித்தது.

எலெனா முகினா

மொஸ்கோவில் பாட்டியால் வளர்க்கப்பட்ட எலெனா முகினா 1978இல் உலகச் சம்பியனானார். மறுவருடம் அவருடைய கால் முறிந்தது. 1980 ஒலிம்பிக் சொந்த நாட்டில் நடக்கவிருந்தது. எலும்பு முழுதாகத் தேறுமுன்னரே பயிற்சிக்கு அழைக்கப்பட்டார். அமெரிக்க ஆண் வீரர் கேர்ட் தோமஸ் அறிமுகப்படுத்திய ஒரு பாய்ச்சலை அவர் தரைப்பயிற்சியில் சேர்க்கவேண்டுமென்று முடிவாயிற்று. பின்னோக்கி எழுந்து, ஒன்றரைச் சுழற்சியும் ஒன்றரை முறுக்குமாக வந்து, காலில் அல்லாமல் கையும் பிடரியும் படும்படி உருண்டு முடிக்கும் பாய்ச்சல் அது. சற்று உயரம் குறைந்தாலும் தலைதான் தரையில் மோதும்.

இது தன் கழுத்தை முறிக்கும் என்று பயிற்றுநரிடம் தாம் சொல்லியிருந்ததாகவும், உன்னைப் போன்றவர்களுக்குக் கழுத்து முறியாது என்ற கருத்துப்படவே பதில் கிடைத்ததாகவும் முகினா பிற்காலத்து நேர்காணலில் கூறினார். 1980 ஜூலை 3ஆம் திகதி, ஒலிம்பிக் தொடங்க இரண்டு வாரங்கள் இருக்கையில், மின்ஸ்க் நகரில் பயிற்சியின்போது அவர் தாடை தரையில் மோத விழுந்தார். கழுத்தெலும்பு முறிந்து கைகால்கள் செயலிழந்தன. வயது 20. விழுந்து கிடந்தபோது தமக்கு வந்த முதல் எண்ணம், நல்லவேளை இனி ஒலிம்பிக்குக்குப் போகவேண்டியதில்லை என்ற நிம்மதியே என்று அவர் சொன்னதை வாசிக்கும்போது நெஞ்சு கனக்கிறது. தன் கழுத்து முறிந்ததை விடுதலையாக எண்ணும் நிலைக்கு ஒரு பெண்பிள்ளை தள்ளப்பட்டிருந்தாள். காயத்தின் கடுமையை அதிகாரிகள் நீண்டகாலம் வெளியே சொல்லவில்லை. 26 ஆண்டுகள் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் வாழ்ந்து, 2006இல் தமது 46ஆவது வயதில் அவர் காலமானார். அப்பாய்ச்சல் பெண்களுக்குத் தடைசெய்யப்பட்டது. பின்னர் உருண்டு முடியும் அவ்வகைப் பாய்ச்சல்கள் ஆண்களுக்கும் தடையாயின.

இதைச் சோவியத் முறையின் குற்றமென்று மட்டும் கொள்ளமுடியாது. 1988 மே மாதம் அமெரிக்காவின் 15 வயது ஜுலிசா கோமஸ் டோக்கியோவில், பின்புறமாகக் குதிரையை நோக்கிச் செல்லும் பாய்ச்சல் ஒன்றின்போது மிதிபலகையில் கால் வழுக்கித் தலை மோதினார். மூன்று ஆண்டுகள் அசைவற்றுக் கிடந்து இறந்தார். அதன் பின்னரே மிதிபலகையைச் சுற்றிக் குதிரைலாட வடிவ மெத்தை வைப்பது வழக்கமாயிற்று. ஒடுங்கிய பழைய தாண்டற் குதிரைக்குப் பதிலாக அகன்ற மேசை வடிவக் கருவி 2001இல் வந்தது. ஒவ்வொரு பாதுகாப்பு விதிக்குப் பின்னாலும் ஒரு பிள்ளையின் பெயர் இருக்கிறது.

விழக் கற்றல்

இந்த இடத்தில் தற்காப்புக் கலைகளின் பக்கம் சற்றுத் திரும்புவது பயனுள்ளது. ஜிகோரோ கானோ 1882இல் டோக்கியோவில் ஜூடோவைத் தொடங்கினார். ஜூடோவில் புதிதாகச் சேரும் பிள்ளைக்கு எதிரியை வீழ்த்துவதற்கு முன் கற்பிக்கப்படுவது விழுவது. தாடையை நெஞ்சோடு ஒட்டி, முதுகை வளைத்து, கையால் தரையைத் தட்டி, அடியை உடலெங்கும் பகிர்ந்து உருளும் இப்பயிற்சிக்கு "உக்கேமி" என்று பெயர். விழத் தெரிந்தவளுக்கே பாயும் துணிவு வரும் என்பது அதன் தத்துவம். தோற்பவள் கையால் இருமுறை தட்டினால் எதிரி உடனே விடவேண்டும். "போதும்" என்று சொல்லும் உரிமை அக்கலையின் இலக்கணத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

இக்கலைகளைப் பெண்கள் பெற்ற வரலாறும் சுவையானது. ஐந்தடிக்கும் ஓரங்குலம் குறைந்த எடித் காரட் என்ற ஆங்கிலேயப் பெண், வாக்குரிமை கேட்டுப் போராடிய பெண்களின் மெய்க்காவலர் அணிக்கு 1913 அளவில் ஜுஜுட்சு பயிற்றினார். பொலிசார் தலைவிகளைக் கைது செய்ய வரும்போது அவர்களைக் காப்பதே அந்த அணியின் வேலை. அமெரிக்காவில் ரஸ்டி கனொகோகி 1959இல் ஆண்போல வேடமிட்டு ஜூடோப் போட்டியொன்றில் வென்றார். பெண் என்று தெரிந்ததும் பதக்கத்தைப் பறித்தார்கள். அவர் சோரவில்லை. பெண்கள் ஜூடோ ஒலிம்பிக்கில் இடம்பெறப் பல ஆண்டுகள் பாடுபட்டார். 1988இல் காட்சிப் போட்டியாகவும் 1992இல் முழு அங்கீகாரத்துடனும் அது இடம்பெற்றது. பறித்த பதக்கம் ஐம்பது ஆண்டுகளின் பின், 2009இல், அவரிடம் திரும்பி வந்தது.

ஐந்து சென்ரிமீற்றர்

2000 சிட்னி ஒலிம்பிக்கின் பெண்கள் தனிநபர் இறுதிப் போட்டியில் ஒருவர் பின் ஒருவராகச் சிறந்த வீராங்கனைகள் தாண்டற் குதிரையில் தடுமாறி விழுந்தார்கள். முன்னணியிலிருந்த ரஷ்யாவின் ஸ்வெத்லானா கோர்க்கினாவும் விழுந்து, மனமுடைந்து அடுத்த கருவியிலும் தவறினார். பிழை தங்களுடையதே என்று அவர்கள் எண்ணினார்கள். அவுஸ்திரேலியாவின் அலானா சிலேட்டர் என்ற பதின்வயதுப் பெண் தன் முறை வந்தபோது, குதிரையின் உயரம் சரியாக இல்லை என்று சுட்டிக்காட்டினார். அளந்து பார்த்தார்கள். ஐந்து சென்ரிமீற்றர் குறைவு. போட்டியாளர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஏற்கெனவே பாய்ந்து முடித்திருந்தார்கள். நடுவர்களும் பயிற்றுநர்களும் அதிகாரிகளும் நிறைந்த அந்த மண்டபத்தில் கருவி பிழை என்று கண்டு சொன்னவர் ஒரு மாணவி வயதுப் பெண்.

அதே போட்டியில் முதலிடம் பெற்ற 16 வயது ருமேனியச் சிறுமி அந்திரேயா ரடுகான், தடிமலுக்கென அணி மருத்துவர் கொடுத்த மாத்திரையில் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்ததால் தங்கத்தை இழந்தார். பெரியவர்களின் பிழைக்குச் சிறுமி விலை கொடுத்தாள்.

"இன்று முடியாது"

முழுப்புள்ளி பத்து என்ற முறை 2006இல் கைவிடப்பட்டது. கடினத்துக்கு ஒரு புள்ளி, செய்நேர்த்திக்கு ஒரு புள்ளி என இரண்டும் கூட்டப்படும் முறை வந்தது. கடினத்துக்கு உச்ச வரம்பு இல்லை. அந்த முறையின் பெரும் விளைவு சிமோன் பைல்ஸ். 142 சென்ரிமீற்றர் உயரமுள்ள இந்த அமெரிக்கப் பெண் 2019இல் தரைப்பயிற்சியில் ஒரே பாய்ச்சலில் இரண்டு சுழற்சியும் மூன்று முறுக்கும் செய்தார். அதே ஆண்டு சமநிலை விட்டத்திலிருந்து இரண்டு சுழற்சி, இரண்டு முறுக்குடன் இறங்கினார். அந்த இறக்கத்துக்குச் சர்வதேசச் சம்மேளனம் எதிர்பார்த்ததிலும் குறைந்த மதிப்பையே கொடுத்தது. மற்றவர்கள் ஆசைப்பட்டுக் கழுத்தை முறிக்கக்கூடாது என்பது அவர்கள் சொன்ன காரணம். பைல்ஸ் அதை ஒப்புக்கொள்ளவில்லை. இருபக்கமும் நியாயம் உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது.

அதற்கு முன்னரே, 2018 ஜனவரியில், அமெரிக்க அணியின் மருத்துவராயிருந்த லாரி நாசரின் பாலியல் குற்றங்களுக்குத் தண்டனை வழங்கிய நீதிமன்றில் 156 பெண்களின் வாக்குமூலங்கள் கேட்கப்பட்டன. தாமும் பாதிக்கப்பட்டவர் என்பதை பைல்சும் அம்மாதம் பகிரங்கமாகச் சொன்னார். பல்லாண்டுகளாகப் பிள்ளைகள் முறையிட்டும் பெரியவர்கள் செவிகொடுக்கவில்லை என்பது அங்கே வெளிப்பட்டது. கரணத்துக்குப் பழக்கப்படுத்திய அதே கீழ்ப்படிவுதான் அவர்களுடைய வாயையும் கட்டியிருந்தது.

2021இல் டோக்கியோவில், அணி இறுதிப் போட்டியின் முதற் பாய்ச்சலில் பைல்ஸ் இரண்டரை முறுக்கு செய்ய எழுந்தார், ஒன்றரையோடு இறங்கினார். காற்றில் தம் உடல் எங்கே இருக்கிறது என்ற உணர்வு தவறிவிட்டது. முகினாவைப்போல அவரும் தொடர்ந்திருக்கலாம். உலகமே பார்த்துக்கொண்டிருந்தது, நாடு தங்கத்தை எதிர்பார்த்தது. அவர் "இன்று முடியாது" என்று விலகினார். கோழை என்று ஏசியவர்களும் இருந்தார்கள். ஒரு வாரத்தின் பின் முறுக்கில்லாத எளிய இறக்கத்துடன் சமநிலை விட்டத்தில் வெண்கலம் பெற்றார். மூன்று ஆண்டுகளின் பின் பாரிசில், 27 வயதில், மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். விலகியதால் அவருடைய வாழ்வு முடியவில்லை, விலகியதாலேயே தொடர்ந்தது.

எமது பக்கம்

திரிபுராவின் அகர்தலாவில் பிறந்த தீபா கர்மாக்கர் தட்டைப் பாதம் உடையவர். முன்புறமாக இரட்டைச் சுழற்சி செய்யும் "புரொதுனோவா" என்ற ஆபத்தான தாண்டலைக் கைவசப்படுத்தி, 2016 ரியோ ஒலிம்பிக்கில் நான்காமிடம் பெற்றார். பதக்கத்துக்கும் அவருக்கும் இடைவெளி 0.150 புள்ளி. உஸ்பெக்கிஸ்தானின் ஒக்சானா சுசொவிட்டினா, இரத்தப் புற்றுநோய் கண்ட மகனின் சிகிச்சைக்காக ஜேர்மனிக்குச் சென்று, அந்நாட்டுக்காக 33 வயதில் வெள்ளி வென்றார். டோக்கியோவில் 46 வயதில் தமது எட்டாவது ஒலிம்பிக்கில் பாய்ந்தார். தாய்மார் ஆடிய காலம் மீண்டும் எட்டிப் பார்க்கிறது.

அதே டோக்கியோவில் எமது நாட்டின் முதல் ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக் வீராங்கனையாக மில்கா கெஹானி டி சில்வா களமிறங்கினார். ஆரம்ப விழாவில் ஜூடோ வீரர் சாமர தர்மவர்தனவுடன் சேர்ந்து அவர் தேசியக் கொடியை ஏந்தினார். பாயத் தெரிந்தவளும் விழத் தெரிந்தவனும் அக்கொடியைச் சேர்ந்து ஏந்தியது எமக்கு மகிழ்ச்சி தரும் காட்சி.

பெண்பிள்ளைகள் பாயக்கூடாது என்று சொன்ன காலத்தை எமது முன்னோடி ஆசிரியைகள் கடந்து வந்தார்கள். எம் மாணவிகளை மைதானத்துக்கு அழைத்துவருவதற்காக அவர்கள் பெற்றோரோடு பேசவேண்டியிருந்தது. ஊரின் வாயையும் கேட்கவேண்டியிருந்தது. அந்த உரிமையை நாம் ஒருபோதும் விட்டுக்கொடுக்கலாகாது. மழைக்காலத்தில் மண்டபத்துள் மெத்தை விரித்து ஒரு சிறுமி முதன்முதலில் குட்டிக்கரணம் போட்டு எழுந்து சிரிக்கும் சிரிப்பைப் பார்த்த எவருக்கும் அதன் மதிப்பு தெரியும்.

கூடவே இரண்டாவது உரிமையையும் அவளுக்குக் கொடுக்கவேண்டும். "ரீச்சர், எனக்கு இன்றைக்குப் பயமாயிருக்கு" என்று ஒரு மாணவி சொன்னால், அது சோம்பலா பயிற்சிக் குறைவா என்று ஆராய்வதற்கு முன் அவளை மெத்தையிலிருந்து இறங்கவிட வேண்டும். மெத்தை கிழிந்திருக்கிறது, சட்டம் ஆடுகிறது, உயரம் பிழை என்று அவள் சொன்னால் அளந்து பார்க்கவேண்டும். பாய்வதற்கு முன் விழக் கற்பிக்கவேண்டும். இந்த மலரை வாசிக்கும் பழைய மாணவிகளுள் பலர் இன்று ஆசிரியைகள், மருத்துவர்கள், தாய்மார், பேத்தி கண்டவர்கள். இல்ல விளையாட்டுப் போட்டிக் காலத்தில் வெற்றிக் கேடயத்தைப் பார்த்துக் குரல் கொடுக்கும் எமக்கு, களத்தில் நிற்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்கும் பொறுப்பும் உண்டு.

எம் பாட்டிமாரின் பழமொழி கரணம் போடுபவளை எச்சரித்தது. இந்த நூறாண்டு வரலாறு அதே பழமொழியை அவளைச் சுற்றி நிற்பவர்களுக்கும் சொல்கிறது. முகினா தப்பவிட்ட கரணம் அவருடையது மட்டுமன்று. அவர் சொன்னதைக் கேளாதவர்களுடையதும்தான்.